அள்ளிய சேற்றை எங்கள் கடவில் போடாதீர்கள்: ஏ.வி.எம். கால்வாய்க்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் கிடக்கும் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயின் வரலாறும் அதைப் பற்றி வந்த மனுக்களும் உங்கள் கோப்பில் தடிமனாகவே இருக்கும், அதனால் ஆதியிலிருந்து தொடங்கி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. போன மாதம் எங்கள் ஊர்க் கடவில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

பொக்லைன் வந்தது. மூன்று நாள் நின்றது. முதல் நாள் ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, ஒரு வழியாக நமக்கும் விடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆகாயத்தாமரையை வேரோடு அள்ளினார்கள், அடியில் கிடந்த கறுப்புச் சேற்றையும் கொஞ்சம் அள்ளினார்கள், கூடவே பிளாஸ்டிக், ஒரு பழைய மெத்தை, கோழிக்கடைச் சாக்கு, ஜோடி இல்லாத செருப்புகள் என்று எல்லாம் வந்தது. வந்ததை எங்கே போட்டார்கள்? கரையில். சரியாகச் சொன்னால், ஊர் வள்ளங்களைக் கட்டும் கடவின் படிக்கட்டு மேலேயே. ஆள் உயரத்துக்குக் குவித்து, அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் மதியத்தோடு கிளம்பிவிட்டார்கள். இதை ஏற்ற லாரி எப்போது வரும் என்று கேட்டேன். "அது வேற டெண்டர்" என்றார் கூட வந்தவர்.

லாரி வரவில்லை. கோடை மழை வந்தது, இரண்டே இரண்டு மழை. குவியலில் பாதி வழுக்கிக்கொண்டு கால்வாய்க்கே திரும்பிப் போய்விட்டது, ஆகாயத்தாமரை மறுபடி பச்சை பிடித்து இப்போது பூவும் பூத்திருக்கிறது. மீதிப் பாதி படிக்கட்டில் காய்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கடலுக்குப் போகிற வயது தாண்டிவிட்டது, கால்வாயிலும் ஆற்று முகத்திலும் வீச்சு வலை போட்டுக் கொஞ்சம் கரிமீனும் இறாலும் பிடித்துதான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவருடைய வள்ளம் அந்தக் குவியலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மண்வெட்டியால் தினமும் ஒரு மணி நேரம் வெட்டி வழி உண்டாக்கப் பார்க்கிறார். உங்கள் பதிவேட்டில் இதற்கு "தூர்வாரும் பணி நிறைவு" என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அள்ளியதை அன்றன்றே ஏற்றிக்கொண்டு போங்கள். அள்ளுவதை ஆற்று முகத்திலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவதை ஏன் சொல்கிறேன் என்றால், நடுவில் எங்காவது இறங்கி அள்ளினால் அங்கே ஒரு குளம் உண்டாகுமே தவிர தண்ணீர் ஓடாது. ஓடுவதற்குக் குழித்துறை ஆறு கடலில் சேருகிற பக்கம் வழி திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம்தான் மணல் அடைத்துக் கிடக்கிறது, ரோடு போடுவதற்காகக் குழாய் பதித்து மண் போட்டு மூடிய குறுக்குப் பாதை வேறு ஒன்று. அந்தக் குழாயில் இப்போது ஓணான் குடியிருக்கிறது. முகம் திறந்தால் வேலியேற்றத்தில், அதாவது கடல் மட்டம் ஏறும் நேரத்தில், உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும், உப்பு ஏறினால் ஆகாயத்தாமரை தானே கருகும், ஒரு ரூபாய் செலவில்லாமல். இதை எங்கள் பாட்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும், உங்களுக்குப் படித்த படிப்பிலேயே இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வண்டி வந்து நிற்பது நடுவில்தான், ரோடு பக்கத்தில், காரிலிருந்து இறங்காமலே பார்க்கத் தோதான இடத்தில்.

இனி மழையைப் பற்றி. நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எங்கள் ஊர்கள் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், முன்னால் கடல், பின்னால் கால்வாய், நடுவில் ஒரு ரிப்பன் மாதிரி மணல் திட்டு. கடல் ஏறி வந்தால் டிவிக்காரர்கள் வருவார்கள், அமைச்சர்கள் வருவார்கள், அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவு பற்றிப் பேசுவார்கள். பின்பக்கமாக கால்வாய் ஏறி வருவதை யாரும் படம் பிடிப்பதில்லை, ஏனென்றால் அது அலை இல்லாமல், சத்தம் இல்லாமல், கக்கூஸ் வழியாக வருகிறது.

ஆமாம், கக்கூஸ் வழியாகத்தான். எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, நாலு நாள் தொடர்ந்து பெய்தால் கால்வாயில் போக்கு இல்லாமல் தண்ணீர் நிற்கும், மணல் தரையில் செப்டிக் டேங்க் நிறையும், அப்புறம் எங்கள் வரிசையில் ஐந்து வீட்டிலும் கிளாசெட்டில் கறுப்பாகத் தண்ணீர் மேலே வரும். வாசலில் வெள்ளம் வந்தால் சாக்கு மூட்டை போட்டு அடைக்கலாம், இதை எதைப் போட்டு அடைப்பது? போன வருடம் பதினோரு நாள் இப்படி. ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். ஐந்து வீட்டுப் பெண்களும் மேட்டில் கோயிலடியில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போய் வந்தார்கள், குடை பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில். அவளும் எத்தனை பேருக்குத்தான் முகம் கோணாமல் கதவு திறப்பாள். என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். மாத்திரையைக்கூட ஒரு மடக்கில் விழுங்குவார். கேட்டால் "எனக்குத் தாகமே இல்ல மக்கா" என்பார். மூன்றாவது நாள் உதடு வெடித்திருந்தது. சுற்றிலும் தண்ணீர், வீட்டுக்குள் கணுக்கால் வரை தண்ணீர், கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தாகத்தோடு உட்கார்ந்திருந்தார். கிளினிக்கில் டாக்டர் திட்டினார், நிறையத் தண்ணீர் குடிக்கணும் என்று. அம்மா தலையை ஆட்டினார். டாக்டரிடம் காரணத்தைச் சொல்ல அவருக்கு வெட்கம். எனக்கு வெட்கமில்லை, அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்ததையும் சொல்லிவிடுகிறேன், வரவில்லை என்று சொன்னால் பாவம். "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்." அம்மா அதை மடித்து ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். அலமாரியின் கீழ்த்தட்டு. அதுவும் நனைந்துவிட்டது.

இந்தக் கால்வாய்க்கு யாரும் மரியாதை கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெயரிலேயே மூன்று பெரிய இடம்: அனந்த பத்மநாபர், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்ட வர்மா மகாராஜா. திருவிதாங்கூர் அரசர் உத்திராடம் திருநாள் 1860இல் தொடங்கி வைத்தது, திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க வேண்டும் என்பது எண்ணம். கன்னியாகுமரி வரை அது வந்து சேரவே இல்லை, சரி, அது ராஜா காலத்துக் கதை, அவரிடம் மனு கொடுக்க முடியாது. 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பாட்டா காலத்தில் இதே கடவிலிருந்து தேங்காயும் தொண்டும் (தேங்காய் மட்டை) கயிறும் ஏற்றி வள்ளம் கேரளப் பக்கத்துப் பூவாறுக்குப் போயிருக்கிறது. 2016இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழி என்று அறிவித்தபோது எங்கள் கால்வாயும் அதில் வந்தது, எண் 13, பூவாறு கடற்கரையிலிருந்து இரையுமன்துறைப் பாலம் வரை, 11 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை என்றால் லாரி போகும். தேசிய நீர்வழி எண் 13இல் எங்கள் ஊர்ப் பக்கம் வாத்துகூட நடந்துதான் போகிறது. அந்தப் பக்கம் பூவாறில், நெய்யாறு கடலில் சேரும் இடத்தில், ஜனங்கள் காசு கொடுத்துப் படகேறி செல்பி எடுக்கிறார்கள். எங்களுக்குச் சுற்றுலா எல்லாம் வேண்டாம். தேங்காப்பட்டணம் துறைமுக வாயில் மணல் சேர்ந்து வள்ளங்கள் கவிழ்வது பற்றியும், ஒக்கி புயல் அடித்தபோது கேட்ட வாக்குறுதிகள் பற்றியும் எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. கடலில் போனவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். இன்று கக்கூஸ் விஷயம்.

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கால்வாயைக் குப்பைத்தொட்டி ஆக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ராத்திரி பைக்கில் வந்து சாக்கை வீசுகிறவன் வெளியூர்க்காரன் என்று சொல்லிக்கொள்வோம், எல்லாச் சாக்கும் வெளியூர்ச் சாக்கு அல்ல. சுவரைக் கால்வாய்க்குள் ஒரு அடி, இரண்டு அடி தள்ளிக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். அளந்து எடுங்கள், என் வீட்டுச் சுவரிலிருந்தே தொடங்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதைக் காரணம் காட்டி அள்ளிய சேற்றைப் படிக்கட்டில் விட்டுப் போவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

எடவப்பாதிக்கு இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை. கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், கேட்பது பழையதுதான். ஆற்று முகத்திலிருந்து தொடங்குங்கள், அந்தக் குழாயை எடுத்துவிட்டு ஒரு சின்னப் பாலம் போடுங்கள். அள்ளியதை அன்றன்றே ஏற்றுங்கள், அதற்கு வேறு டெண்டர் என்றால் இரண்டு டெண்டரையும் ஒரே வாரத்தில் விடுங்கள். கடவில் உடைந்த நாலு படியைக் கட்டித் தாருங்கள். வண்டி வருவதை முந்தின நாள் ஒரு போன் போட்டுச் சொன்னால் வள்ளங்களை அவிழ்த்து மேலே இழுத்துக் கட்டிவிடுகிறோம். டிரைவருக்கும் கூட வருகிறவர்களுக்கும் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். மாமாவின் வள்ளம் வெளியே வந்திருந்தால் கரிமீன் குழம்பு, இல்லாவிட்டால் சாம்பார்.

இப்படிக்கு,
கால்வாய்க் கரை ஐந்து வீடுகளில் ஒன்றிலிருந்து