சாளை ஊட்டும் வேலை

கேப்டவுன்,
4 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நேற்றோடு கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்திருக்கும். இந்த வருஷமும் மழையில் நனைந்துகொண்டுதான் போனீர்களா?

போனில் நான் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. "காக்காய்க்கு மீன் ஊட்டவா அவ்வளவு தூரம் போனே?" என்று போன வாரம் கேட்டுச் சிரித்தீர்களே, அதனால்தான் எழுதுகிறேன். தம்பி வாசித்துக் காட்டட்டும்.

காக்காய் இல்லை அப்பா, பெங்குவின். பனிக்கட்டியில் நிற்பதாகப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இது அந்த வகையில் ஆப்பிரிக்கக் கரையிலேயே முட்டையிட்டு வாழ்வது. பெங்குவேலா என்றொரு குளிர்ந்த நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி ஓடுகிறது. வெயில் கொளுத்தும் டிசம்பரிலும் கடலில் கால் வைத்தால் விறைத்துப் போகும். பறவை முழங்கால் உயரம், மூன்று கிலோ இருக்கும். கத்தினால் அசல் கழுதைதான்.

எனக்கு வேலை கிடைத்தபாடில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில், டேபிள் வியூவில் இருக்கும் சான்காப் என்ற கடற்பறவை மையத்துக்கு வாரம் நாலு நாள் போகிறேன். சம்பளம் கிடையாது. 1968இல் ஒரு எண்ணெய்க் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெயில் பறவைகள் மாட்டிக்கொண்டபோது ஒரு அம்மா வீட்டில் வைத்துக் கழுவ ஆரம்பித்தார். அது வளர்ந்து இப்படி ஆகியிருக்கிறது. பக்கத்துக் கடற்கரையில் நின்றால் மண்டேலாவை அடைத்து வைத்திருந்த ராபன் தீவு தெரியும். அந்தத் தீவிலும் பெங்குவின்கள் கூடு கட்டுகின்றன.

மிருகங்களோடு கொஞ்சி விளையாடும் வேலை என்று நினைத்துத்தான் போனேன். முதல் வாரம் முழுக்கத் துவைத்தேன். பாய், துண்டு, தொட்டி, தரை, மறுபடியும் பாய். எச்சம் காயும் முன் தேய்க்க வேண்டும். கொஞ்சவும் கூடாது, மனுஷ வாசனைக்குப் பழகிய பறவையைக் கடலில் விட்டால் பிழைக்காதாம். கடலுக்கு என்று வளர்ப்பதால் பெயர் கூட வைக்காமல் நம்பர்தான்.

இரண்டாம் வாரம் ஊட்டக் கற்றுக் கொடுத்தார்கள். இதை உங்களிடம் சொல்லத்தான் கை பரபரத்தது. வாளியைத் திறந்தால் உள்ளே நம்ம சாளை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் மீன் நாற்றம் தாங்கவில்லை என்று நினைத்திருப்பாள். முழங்காலிட்டு, பறவையை இரண்டு தொடைக்கும் நடுவில் அணைத்து, ஒரு கையால் அலகைத் திறந்து, மறு கையால் மீனைத் தள்ள வேண்டும். தலை முதலில் போக வேண்டும். வாலை முதலில் கொடுத்தால் செதிலும் முள்ளும் தொண்டையைக் கிழிக்கும். விட்டமின் மாத்திரையைச் செவுளுக்குள் செருகிக் கொடுப்பதும் உண்டு. கையுறை சற்று நழுவிய நேரத்தில் ஒன்று மணிக்கட்டைக் கவ்வியது பாருங்கள், நண்டுக்கடி தோற்றுவிடும். தழும்பு இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

இப்போது வருவது பெரும்பாலும் குஞ்சுகள். பெரியவற்றுக்கு வருஷம் ஒரு தடவை இறகு மொத்தமும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அந்த மூன்று வாரமும் கடலில் இறங்க முடியாது. நம் ஊரில் ஆனி ஆடியில் கடல் சீறும்போது வள்ளம் இறக்காமல் கரையில் கிடப்பீர்களே, அந்த மாதிரி. அதற்கு முன்னால் நன்றாகத் தின்று கொழுப்பு ஏற்றினால்தான் உயிர் தங்கும். அதனால் தாமதமாகப் பொரித்த குஞ்சை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. கல் மனசு என்று முதலில் கோபப்பட்டேன். கடலில் மீன் இருந்தால் அவை ஏன் விட்டுப் போகப் போகின்றன?

மீன் ஏன் இல்லை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் சுருக்குமடி வலைதான். சாளை டப்பாவுக்குப் போகிறது, நெத்தோலியை அரைத்து மீன்தூள் ஆக்குகிறார்கள். போதாததற்கு, சாளைக் கூட்டமும் பழைய இடத்தை விட்டுக் கிழக்கே நகர்ந்துவிட்டது. பெங்குவின்கள் 10,000 ஜோடி கூட மிச்சமில்லை. 2024இல் இந்தப் பறவையை அழியும் ஆபத்து மிக அதிகமானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இந்த மார்ச்சில்தான் கோர்ட் உத்தரவு வந்தது: ஆறு பெங்குவின் குடியிருப்புகளைச் சுற்றி 10 வருஷத்துக்கு சாளை, நெத்தோலிப் படகுகள் வலை போடக் கூடாது. வழக்குப் போட்டதில் சான்காப்பும் ஒன்று. மையத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படகுகளில் கூலிக்குப் போகிறவர்களின் வீட்டில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. மீனவன் மகளுக்கு அது வராமல் போகுமா?

எண்ணெய்க் கதை ஒன்று சொல்கிறேன். 2000 ஜூனில் ட்ரெஷர் என்ற கப்பல் இங்கே மூழ்கி, ஏறக்குறைய 19,000 பெங்குவின்கள் எண்ணெயில் நனைந்துவிட்டன. இறகில் எண்ணெய் பட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிக் குளிரிலேயே செத்துவிடும். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னொரு 19,500ஐ லாரியில் ஏற்றி, தூரத்தில் போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை நீந்தித் திரும்பி வருவதற்குள் இங்கே கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கணக்கு. மூன்றின் முதுகில் கருவி கட்டி வழி பார்த்தார்கள். பீட்டர், பமீலா, பெர்சி என்று அவற்றுக்கு மட்டும் பெயர். இரண்டு மூன்று வாரத்தில் வீடு வந்து சேர்ந்துவிட்டன! திசைகாட்டி இல்லை, ஜிபிஎஸ் இல்லை.

இந்த மே மாதம் கொச்சிக்கு வெளியே கப்பல் கவிழ்ந்து, நம் கரை வரை வெள்ளை மணியாகப் பிளாஸ்டிக் ஒதுங்கியதே, அதைப் பற்றி இங்கே சொன்னேன். உடனே பறவைகள் என்ன ஆயின என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் கரையில் நடக்கும்போது பார்த்து வைத்திருந்தால் தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இன்னமும் மணலில் கிடக்கிறதா?

அப்புறம், இங்கே கடையில் உறைந்த சாளை கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். எனக்குத்தான் மீனைத் தலை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் எடுக்க வரவில்லை.

பணம் மாதக் கடைசியில் அனுப்புகிறேன். மருந்தை நிறுத்தாதீர்கள்.

உங்கள் மகள்