பிடிப்பதும் விடுவதும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பேரனுக்கு 9 மாதம் நிறைந்துவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கிறான், எடுத்துக் கொடுப்பதையெல்லாம் கீழே போடுகிறான் என்று வருந்தியிருக்கிறாய். அவை இரண்டும் கவலைக்குரியவை அல்ல. கடிதத்தின் கடைசியில் பெருமையோடு நீ எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை உறங்கவிடவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வயதில் விரல் நுனியைவிட உதடும் நாக்கும் தேர்ந்தவை. ஒரு பொருள் வழவழப்பா சொரசொரப்பா, கடினமா மெத்தென்றிருக்கிறதா என்பதைக் குழந்தை முதலில் வாயால்தான் அறிகிறது. ஒரு மாதக் குழந்தைகளுக்குக் கண்ணில் காட்டாமல் சூப்பானைக் கொடுத்துவிட்டு, பிறகு வழவழப்பானதையும் புடைப்புகள் உள்ளதையும் காட்டியபோது, தாம் சூப்பியதைப் போன்றதையே அவை அதிக நேரம் பார்த்தன என்று மெல்ட்சாஃப், போர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1979ஆம் ஆண்டில் எழுதினார்கள். பின்னர் அதைச் செய்துபார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்றாலும், வாய் ஓர் அறிவுக்கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. எனவே அவன் கையிலிருந்து பிடுங்காதே. தொண்டையில் சிக்கக்கூடிய பொத்தான், நாணயம், சிறு பேட்டரி போன்றவற்றை மட்டும் அவன் கண்ணில் படாமல் அகற்றிவிடு.

கீழே போடுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் அது இறுகப் பற்றிக்கொள்ளும். நாம் அதை அன்பென்று எண்ணி உருகுகிறோம், ஆனால் அது தானாக நிகழும் அனிச்சைச் செயல். சுமார் 5, 6 மாதங்களில் அது மறைய, கை குழந்தையின் விருப்பத்துக்கு வசப்படுகிறது. முதலில் முழுக் கையாலும் வாரி எடுப்பதும், ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றுவதும், பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் ஒரு நூல் துணுக்கைக்கூடக் கிள்ளி எடுப்பதுமாக அது வளர்கிறது. ஆனால் விடுவது பிடிப்பதைவிடக் கடினம். 11 மாதமாகும் என் பேத்தி மரக்கட்டையை என்னிடம் கொடுக்கும்போது அதை என் உள்ளங்கையில் அழுத்தி ஊன்றிக்கொள்கிறாள். ஒரு கணம் மூச்சைப் பிடித்தாற்போல் நிற்கிறாள். பிறகு ஐந்து விரல்களும் ஒரே நேரத்தில் தேவைக்கு மேல் விரிகின்றன. உன் பேரன் கரண்டியைப் போட்டுவிட்டு அது விழும் ஓசைக்குக் காது கொடுப்பதும் இதே பயிற்சிதான். அலுக்காமல் எடுத்துக் கொடு.

இனி அந்த வரி. "இப்போதே வலக்கைக்காரனாகிவிட்டான், இடக்கையை நீட்டுவதே இல்லை" என்று எழுதியிருக்கிறாய். இந்த வயதில் குழந்தைகள் இரண்டு கைகளையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பயன்படுத்த வேண்டும். எந்தக் கைப் பழக்கம் என்பது பெரும்பாலும் 2 வயதுக்குப் பிறகே நிலைபெறுகிறது. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நாடினால், அந்தக் கை தேர்ந்தது என்பதைவிட மற்றக் கை தளர்ந்தோ விறைத்தோ இருக்கலாம் என்றே மருத்துவர்கள் முதலில் ஐயுறுவார்கள். பிரசவத்தின்போது தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம். மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கடிதத்தைப் படித்து இதை முடிவு செய்ய என்னால் இயலாது.

நாளை அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, பொம்மையை அவன் இடப்பக்கம் வைத்துப் பார். வலக்கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுவந்து எடுக்கிறானா, இடக்கை மூடியே இருக்கிறதா, தவழும்போது அந்தப் பக்கத்தை இழுக்கிறானா என்று கவனி. வலக்கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றைக் கொடுத்தால் என்ன செய்கிறான் என்றும் பார். பார்த்ததைக் குறித்துக்கொண்டு, எப்படியிருந்தாலும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்க வேண்டாம். குறை இருந்தால், மூளை இவ்வளவு நெகிழ்வாக இருக்கும் காலத்திலேயே பயிற்சியைத் தொடங்குவது அந்தக் கைக்கு மிகவும் உதவும்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடுத்துவிடு. மருத்துவரைப் பார்த்து வந்த அன்றே எனக்கு எழுது.

உன் அன்புத் தோழி