எங்கள் பிள்ளைகளுக்குப் புயல் பாடம் நடத்தியவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கு வணக்கம்.

மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்பு மூன்று சனிக்கிழமைகள் எங்கள் பிள்ளைகளுக்குப் பேரிடர் பயிற்சி நடந்தது. பாடம் நடத்தியது பெரும்பாலும் நீங்கள்தான். நேரில் நன்றி சொல்லியும் மனசு ஆறவில்லை, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி தனுஷ்கோடித் தாத்தாவுக்கு. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவு அவருக்கு ஒன்பது வயது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனது அந்த இரவில்தான். அவருடைய அம்மா மூன்று பிள்ளைகளையும் சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, விடியும்வரை மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தாராம். "எப்படிக் கட்டுனாங்க தாத்தா?" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக் காட்டினார். அதை அவிழ்க்கும்போது அவர் விரல்கள் நடுங்கின. அறையில் ஒரு சத்தம் இல்லை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது என்றால் இப்போது எங்கள் பிள்ளைகள், "எத்தனாம் நம்பர் டீச்சர்?" என்று கேட்கிறார்கள்.

அடுத்து, நாட்டுப்படகு ஓட்டும் அண்ணனுக்கு. சுனாமிப் பாடத்தில் "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று நான் சொல்லிக்கொடுத்தபோது ஒரு பையன், "நம்ம கடல் அடிக்கடி வத்துமே டீச்சர், அப்பல்லாம் ஓடணுமா?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன்தான் சொன்னார்: காற்றுக்கும் ஓதத்துக்கும் (கடலின் ஏற்ற இறக்கம்) வத்துகிற கடல் மெல்ல மெல்ல இறங்கும், நிமிஷக் கணக்கில் சட்டென்று கடல் தரை வெளியே தெரிந்தால் சிப்பி பொறுக்கப் போகாதே, கரையை விட்டு ஊருக்குள் ஓடு, மாடிக் கட்டிடம் இருந்தால் ஏறிவிடு. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் சுனாமி அலை தமிழகக் கரைக்கு வந்தது. இலங்கை குறுக்கே இருந்ததால் நம் மாவட்டம் பேரிழப்பிலிருந்து தப்பியது. அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் கதையாகவே இருந்தது. அண்ணே, அன்று கடலுக்குப் போகாமல் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு வந்தீர்கள். மறக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஐயா, தண்ணீரில் தத்தளிப்பவரைப் பார்த்ததும் குதிக்காமல், மூடி இறுக்கிய காலிக் கேனைக் கயிற்றில் கட்டி வீசக் கற்றுக்கொடுத்தார். புயலின் நடுவே காற்று அடங்கினால் வெளியே வராதே, கண் கடந்ததும் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும் என்று அவர் சொன்னதைப் பிள்ளைகள் வீட்டில் போய் அப்பா அம்மாவுக்கும் பாடம் எடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் தாய்மார்கள். 2024 நவம்பர் 20-ல் ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்று எங்கள் பக்கமும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ரேஷன் கார்டைக் கொடியில் காயப்போட்ட அந்த அக்காமார்தான், ஆவணங்களைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து இரட்டை முடிச்சுப் போடக் காட்டினார்கள்.

பள்ளிச் சுவரில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 என்று பெரிதாக எழுதித்தந்த பெயின்டர் தம்பி கூலி வாங்கவில்லை. "என் மகளும் இங்கதானே படிக்குறா" என்றார்.

தாத்தா கொண்டுவந்த அந்தத் துண்டு பள்ளியிலேயே இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முடிச்சுப் போட்டுப் பழகுகிறார்கள், திருப்பித் தர மனசில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் தாத்தா.