கடனுக்கு எழுதிக்கொடுத்த கிரையம்

மதுரை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. இடது கண்ணில் கண்புரை அறுவை செய்துகொண்டதால் சில நாட்கள் எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பேரன்தான் இரண்டு முறை வாசித்துக் காட்டினான். வடக்கே ஒரு பெருந்தொழில் குழுமத்தின் செய்திச் சேனலில் நிருபராக இருக்கும் உன் மகள், தான் எழுதிக்கொடுத்த இரண்டு செய்திகள் காரணம் சொல்லப்படாமலேயே கிடப்பில் போடப்பட்டதால், வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். முப்பது ஆண்டுகள் செய்தி மேசையில் உட்கார்ந்த நாம் இருவரும் அவளுக்கு என்ன சொல்ல முடியும் என்றும் கேட்டிருந்தாய். கண் சரியானதும் முதலில் எழுதுவது உனக்குத்தான்.

அவள் விஷயத்துக்கு வருமுன் என்டிடிவி செய்திச் சேனல் கைமாறிய கதையைக் கொஞ்சம் பேச வேண்டும். அந்தச் சேனலை அதானி குழுமம் 2022-இல் கைப்பற்றியது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். என் கணக்கில் அது கைமாறியது 2009-இல். அதை நிறுவிய பிரணாய் ராய், ராதிகா ராய் தம்பதியின் ஆர்ஆர்பிஆர் ஹோல்டிங் என்ற நிறுவனம், வங்கிக் கடன் ஒன்றை அடைப்பதற்காக, விஷ்வபிரதான் கமர்ஷியல் என்ற, யாரும் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்திடமிருந்து 2009-இலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலுமாக 403.85 கோடி ரூபாய் கடன் வாங்கியது. கடனுக்கு வட்டி கிடையாது. அந்தப் பணம் ரிலையன்ஸுக்குச் சொந்தமான ஒரு துணை நிறுவனத்திலிருந்து வந்தது. வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவருக்குக் கிடைத்தது ஓர் உரிமை: விரும்பும்போது அந்தக் கடனை ஆர்ஆர்பிஆரின் 99.99 சதவீதப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். ஆர்ஆர்பிஆரிடம்தான் என்டிடிவியின் பங்குகளில் கணிசமான ஒரு பகுதி இருந்தது.

நம் பக்கத்தில் இதற்குப் பெயர் சொல்லவே வேண்டியதில்லை. அவசரத்துக்குப் பணம் வாங்குகிறவனிடம் அடமானப் பத்திரம் போதாது, கிரையப் பத்திரமே எழுதிக் கொடு என்று கேட்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நிலத்துக்காரன் உழுதுகொண்டுதான் இருப்பான், அறுத்துக்கொண்டும் இருப்பான். ஊரில் எல்லோரும் அதை அவன் வயல் என்றே சொல்வார்கள். பத்திரம் மட்டும் வேறொருவர் பீரோவில் இருக்கும். என்டிடிவி அப்படிப் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அது நல்ல செய்திகளையும் தந்தது, ஆட்சியாளர்களை எரிச்சலூட்டும் கேள்விகளையும் கேட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால், பத்திரத்தை வைத்திருப்பவர் அதை எடுத்து நீட்டும் நாள் வரைதான் அந்தச் சுதந்திரம் என்பது அதன் நிறுவனர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அந்த நாள் 2022 ஆகஸ்ட் 23. அதானி குழுமத்தின் ஊடக நிறுவனம் விஷ்வபிரதான் என்ற அந்தச் சிறிய நிறுவனத்தை ஏறத்தாழ 114 கோடி ரூபாய்க்கு வாங்கியதாகவும், கடனைப் பங்காக மாற்றும் உரிமையைப் பயன்படுத்தப்போவதாகவும் அறிவித்தது. அப்போது ஆர்ஆர்பிஆரிடம் இருந்தது 29.18 சதவீதம். மேலும் 26 சதவீதத்துக்குப் பொதுப் பங்குதாரர்களிடம் பங்கு ஒன்றுக்கு 294 ரூபாய் என்று கேட்டது. தங்களைக் கலந்து பேசாமலும் தங்கள் ஒப்புதல் இல்லாமலும் இது நடந்தது என்று என்டிடிவி தரப்பு சொன்னது. ராய் தம்பதி பங்குகளை வாங்கவோ விற்கவோ கூடாது என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்திருந்த தடையைக் காட்டி வாதாடியும் பார்த்தது. எதுவும் நிற்கவில்லை. நவம்பர் 29-இல் ராய் தம்பதி ஆர்ஆர்பிஆர் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். மறுநாள் அதன் இந்திச் சேனலின் புகழ்பெற்ற தொகுப்பாளர் ரவீஷ் குமார் சேனலை விட்டே விலகினார். ஆண்டு முடிவதற்குள், தங்களிடம் எஞ்சியிருந்ததில் 27.26 சதவீதத்தையும் அவர்கள் அதானி குழுமத்துக்கே விற்றார்கள்; பொது அறிவிப்பில் சொன்ன விலையைவிட அவர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு நாற்பத்தெட்டு ரூபாய்க்கு மேல் கூடக் கிடைத்தது. குழுமத்தின் பங்கு ஏறத்தாழ 65 சதவீதமாயிற்று. ஊடகச் சுதந்திரத்தின் இறுதி ஊர்வலம் என்று அந்த வாரத்தில் எழுதியவர்கள் இந்தக் கடைசி வரவை ஏனோ அதிகம் எழுதவில்லை.

அரசாங்கத்தின் பங்கை நான் குறைத்துச் சொல்வதாக நினைத்துவிடாதே. பதான்கோட் விமானப்படைத் தளத்தின் மீதான தாக்குதலை ஒளிபரப்பிய விதத்துக்காக என்டிடிவி இந்தியா என்ற அதன் இந்திச் சேனலை ஒரு நாள் நிறுத்தி வைக்க 2016 நவம்பரில் உத்தரவு வந்தது; எதிர்ப்பு எழுந்ததும் அது கிடப்பில் போடப்பட்டது. 2017 ஜூனில் ராய் தம்பதியின் வீட்டில் சிபிஐ சோதனை நடத்தியது. ஒரு வங்கிக் கடன் தொடர்பான அந்த வழக்கைப் போதிய ஆதாரம் இல்லையென்று சொல்லி சிபிஐ முடித்துக்கொண்டது 2024-இல். அதாவது ஏழு ஆண்டுகள் கழித்து, சேனல் அதானி குழுமத்திடம் போய் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து. கடன் இல்லாத நிறுவனமாக இருந்திருந்தால் அந்த ஏழு ஆண்டுகளைத் தாக்குப்பிடித்திருக்கலாம். வெளியிலிருந்து அழுத்துகிறவனுக்கு உள்ளே ஒரு விரிசல் தேவைப்படுகிறது. அந்த விரிசல் பெரும்பாலும் ஆசிரியர் அறையில் இருப்பதில்லை, கணக்குப் பிரிவில்தான் இருக்கிறது.

நம் விகடனை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார். 1987-இல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காகத் தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. சில நாட்களில் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச் சித்திரத்துக்காக விகடனின் இணையதளமே முடக்கப்பட்டது. அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே அது மீண்டும் திறந்தது. இரண்டு முறையும் அடித்தவர் யார் என்பது ஊருக்கே தெரிந்தது. உரிமையாளருக்குப் பத்திரிகைதான் பிரதான தொழில் என்றால் அதிகாரம் வாசற்கதவைத் தட்டித்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. உரிமையாளருக்குத் துறைமுகமும் விமான நிலையமும் நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும் இருந்தால், யாரும் எங்கும் வர வேண்டியதில்லை.

கட்சிகளே சேனல் நடத்தும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் பற்றி நாம் பேசலாமா என்று நீ சிரிப்பாய். பேசலாம் என்றுதான் நினைக்கிறேன். எந்தச் சேனல் எந்தக் கட்சிக்கு என்பது எங்கள் தெருமுனை டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். தராசில் கல்லின் எடையைக் கழிப்பதுபோல அதைக் கழித்துக்கொண்டுதான் செய்தியைக் கேட்கிறார்கள். ஒரு குழுமத்துக்கு இப்படிக் கழிக்க முடியுமா? அதானி குழுமத்தின் தொழில்களில் நம் மாநிலத்தில் இருப்பவற்றை மட்டும் எண்ணிப் பார்: காட்டுப்பள்ளித் துறைமுகம் அவர்களுடையது, அதன் விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வருகிறார்கள், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அவர்களுடையது. செய்தி நிறுவனமான ஐஏஎன்எஸ்ஸின் பெரும்பான்மைப் பங்கையும் பிறகு வாங்கினார்கள். மீனவர் போராட்டத்தைப் பற்றி ஒரு நிருபர் முழு நேர்மையோடு எழுதினாலும் அது ஏன் இவ்வளவு சுருங்கிற்று என்றோ, ஏன் இன்று வந்தது என்றோ வாசகர் ஐயப்படுவார். அந்தச் சேனலின் செய்திகளில் அது அதானி குழுமத்தைச் சேர்ந்தது என்ற வரியைச் சேர்க்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் வெளிவந்த செய்தியின் கீழேதான் அந்த வரியைப் போட முடியும். வராமல் போன செய்தியின் கீழே யார் போடுவது?

ஆசிரியர் குழுவின் சுதந்திரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்று நீ ஒருமுறை சொன்னாய். லண்டன் டைம்ஸை 1981-இல் வாங்கியபோது ரூபர்ட் முர்டாக் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். சுதந்திர இயக்குநர்களின் சம்மதம் இல்லாமல் ஆசிரியரை நீக்க முடியாது என்பது வரை அதில் இருந்தது. அவர் நியமித்த ஆசிரியர் ஹரால்ட் எவன்ஸ், தாலிடோமைடு மருந்தால் ஊனமுற்ற குழந்தைகளுக்காகப் போராடிப் பெயர் பெற்றவர், ஓராண்டில் பதவி விலகினார். நீக்கத்தைத் தடுக்கும் விதி இருந்தது. விலகும்படியான நிலையை உண்டாக்குவதைத் தடுக்க எந்த விதியாலும் முடியாது. நம் நாட்டில் ஹிந்துஸ்தான் டைம்ஸின் ஆசிரியர் பி.ஜி. வர்கீஸை பிர்லாக்கள் நீக்கியபோது விவகாரம் பத்திரிகைக் கவுன்சில் வரைக்கும் போயிற்று. நெருக்கடி நிலையில் அந்தக் கவுன்சிலையே அரசு கலைத்துவிட்டது. வர்கீஸுக்கு 1975-இல் மகசேசே விருது கிடைத்தது, அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பத்திரிகைகளைப் பிற தொழில்களிலிருந்து பிரிக்க வேண்டும் என்று இரண்டாவது பத்திரிகை ஆணையம் 1982-இல் பரிந்துரைத்தது. பெருநிறுவனங்கள் ஊடகத்துக்குள் நுழைவதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-இல் சொன்னது. இரண்டும் சட்டமாகவில்லை. அதே 2014-இல்தான் நெட்வொர்க் 18 என்ற ஊடகக் குழுமம் ரிலையன்ஸின் கைக்கு வந்தது. அதற்கும் முன்னோட்டம், சில ஆண்டுகளுக்கு முன் கொடுக்கப்பட்ட, பங்காக மாற்றக்கூடிய ஒரு கடன்.

இனி உன் மகள். அவளிடம் உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை என்பது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளில் மாதம் இரண்டு சதவீத வட்டி தருவதாக நம் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து வந்த நிதி நிறுவனத்தைப் பற்றி, முதிர்வுத் தொகை கிடைக்கவில்லை என்று பதினோரு பேர் கையெழுத்துப் போட்ட புகாரோடு நீ செய்தி எழுதி வந்தாய். யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர்கூட மாடிக்கு ஏறி வரவில்லை. இரவுப் பணியில் இருந்த நான்தான், ‘இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு நாளைக்குப் போடலாம்’ என்று சொல்லித் தாளை மடித்து இழுப்பறையில் வைத்தேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் வாரம் அந்த அலுவலகத்தின் ஷட்டர் இறங்கியது; வெளியே நின்றவர்களில் நம் அச்சுக்கோப்பாளரின் மாமியாரும் ஒருவர். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகவே அவளை வேலையை விடு என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன். ரவீஷ் குமார் வெளியேறியபோது அவருக்குப் பின்னால் லட்சக்கணக்கான பார்வையாளர்கள் வந்தார்கள். முப்பது வயது நிருபருக்குப் பின்னால் வீட்டுக் கடன் தவணைதான் வரும். இருக்கும்வரை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்: எந்தச் செய்தியை எப்போது கொடுத்தாள், யார் என்ன சொல்லித் தள்ளினார், என்ன தலைப்பு மாறியது. நிறுத்துகிறவர்களிடம் காரணத்தை மின்னஞ்சலில் கேட்கச் சொல். பதில் வராவிட்டாலும் கேட்டது பதிவாக இருக்கும். யாரும் சொல்லாமலேயே, தானாகவே ஒரு செய்தியை எழுதாமல் விட்ட நாளையும் அதே நோட்டில் குறிக்கச் சொல். அந்தப் பக்கங்கள் எந்த வேகத்தில் கூடுகின்றன என்று பார்த்து, எப்போது கிளம்புவது என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள்.

என் இழுப்பறையைக் காலி செய்த அன்று நீ செய்தி எழுதிய அந்தத் தாள்களை எடுத்து உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? பச்சை மையில் எழுதிய நாலு பக்கம், ஓரத்தில் என் திருத்தங்களோடு. அது இன்னும் உன்னிடம் இருந்தால் அவளுக்கு ஒரு நகல் அனுப்பு. திருத்தியவன் யார் என்பதையும் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழன்