‘சீரற்ற காலநிலை’ என்பதோடு முடிந்துவிடும் செய்திகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சிறிய ரக விமானமொன்று எங்காவது விழுந்து நொறுங்கும்போதெல்லாம் ‘சீரற்ற காலநிலை காரணமாக விபத்து’ என்ற ஒரே வரியோடு நம் பத்திரிகைகளில் செய்தி முடிந்துவிடுவதைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். முகிலும் மழையும் விமானத்தை அடித்து வீழ்த்திவிட்டன என்ற எண்ணத்தையே அந்த வரி தருகிறது. பல விபத்துகளில் நடப்பது அதுவல்ல.

மார்கழி மாதத்தில் வாடைமழை பிடித்த நாளொன்றில் கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. கடல் முடிந்து வானம் தொடங்கும் கோடே அன்று இருக்காது. எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். கண்ணால் வெளியே பார்த்து விமானம் ஓட்ட மட்டுமே பழகிய ஒருவருக்கு அந்தக் கோடுதான் எல்லாம். அது மறைந்ததும், காதுக்குள் சமநிலை காக்கும் உறுப்பு அவரை ஏமாற்றத் தொடங்குகிறது. விமானம் மெல்ல ஒருபக்கம் சரிந்து சீராகத் திரும்பிக்கொண்டிருந்தாலும் நேராகப் போவதாகவே உடம்பு உணரும். சரிவை நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்வதாகத் தோன்றும். மூக்குத் தாழ்ந்து வேகம் கூடுவதைக் கண்டு அவர் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பக்கம் இழுக்க, சரிவு நீங்காத விமானம் இன்னும் இறுகிய சுழலாகக் கீழே இறங்கும். இத்தனைக்கும் இயந்திரத்தில் ஒரு பழுதும் இருக்காது.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி பெறாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவைத்துச் சோதித்தார்கள். 1954இல் வெளிவந்த அதன் முடிவின்படி, 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 செக்கன்கள், அதாவது மூன்று நிமிடங்கூட இல்லை. 1999 ஜூலையில் ஜான் எஃப். கென்னடியின் மகன் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் கடலில் விழுந்து மூவர் இறந்தபோது புயலோ மழையோ இருக்கவில்லை. இருட்டும் கடல்மேல் படர்ந்திருந்த மங்கலும் மட்டுமே போதுமானவையாக இருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் இரத்மலானையிலிருந்து சீனன்குடாவுக்குச் சிறு விமானமொன்றில் வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் யன்னலுக்கு வெளியே இறக்கையின் நுனிகூடத் தெரியாமல் போகத் தொடங்கியபோது, விமானி விமானத்தைத் திருப்பிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே போய்விட்டார். “இன்னும் பத்து நிமிசந்தானே, போய்ப் பார்த்திருக்கலாம்” என்று இறங்கியதும் ஒருவர் சத்தம் போட்டார், மற்றவர்களும் ஆமோதித்தார்கள். அந்த விமானி ஒன்றும் பேசாமல் நின்ற முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. காற்றுக் கடுமையான நாளில் கடலுக்குப் போகாத மீனவரை நம் ஊரில் யாரும் கோழை என்று சொல்வதில்லை. அதே மதிப்பை, திரும்பி வந்த விமானிக்கு நாம் ஏன் கொடுக்கவில்லை என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இத்தகைய விபத்தைப் பற்றி எழுதும்போது, புறப்படும் நேரத்தில் விமானியிடம் இருந்த வானிலை அறிக்கை என்ன சொன்னது, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகைமை அவருக்கு இருந்ததா, திரும்பிவர இடமிருந்தும் தொடர்ந்து போக யாராவது நெருக்கினார்களா என்ற கேள்விகளைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும். சர்வதேச விதிகளின்படி விசாரணையின் நோக்கம் யார்மீதும் பழி சுமத்துவதல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பதுதான். இறுதி அறிக்கை இயன்றவரை 12 மாதங்களுக்குள் வெளிவர வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. ஆனால் அறிக்கை வரும் நாளில் அதைப் பற்றி எழுத அநேகமாக யாரும் இருப்பதில்லை. விபத்துச் செய்திக்கு ஒதுக்கிய அதே பக்கத்தில், அதே அளவில், அந்த அறிக்கை கண்டறிந்ததையும் தாங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.