நாமக்கல்லுக்கு முறையான பொதுப் பணிமனை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

2024இல் நாமக்கல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்துவிட்ட நிலையில், குப்பை வண்டிகள், கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள், சாக்கடை அடைப்பு நீக்கும் இயந்திரங்கள், தெருவிளக்குப் பழுதுபார்க்கும் ஏணி வண்டிகள் அனைத்தையும் ஓரிடத்தில் நிறுத்திப் பராமரிக்கும் விரிவான பணிமனை ஒன்றைத் திட்டமிடுவது அவசியம். நாடெங்கும் ஓடும் லாரிகளுக்கு பாடி கட்டிக் கொடுக்கும் ஊரில் இதற்கான கைத்திறனுக்கா பஞ்சம்?

இடத்தேர்வில்தான் கவனம் வேண்டும். சுலபமாகக் கிடைக்கிறதே என்று நீர்நிலையை ஒட்டிய நிலத்தைத் தேர்ந்தெடுத்தால், வண்டி கழுவும் நீரும் கழிவு எண்ணெயும் ஐப்பசி மழையோடு நேராக ஏரிக்குள் போய்ச் சேரும். இடம் எதுவானாலும், கழுவும் தளம் சிமெண்ட் தரையாகவும், அதன் வடிகால் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகச் செல்வதாகவும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு தரையை உடைத்துத் தொட்டி கட்டுவது வீண்செலவு. பேட்டரி வண்டிகளை சார்ஜ் செய்யக் கூரையிட்ட இடமும் தேவை.

மனிதர்கள் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. இயந்திரம் பழுதாகி நின்றால் அச்சட்டம் ஏட்டோடு நின்றுவிடும் என்பதால், உதிரிபாகக் கிடங்கைச் சிக்கனம் கருதிச் சுருக்கக் கூடாது. விடியற்காலையில் வரும் தூய்மைப் பணியாளர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, குளியலறையும் உடைமாற்றும் அறையும் பூட்டுடன் கூடிய அலமாரிகளும் அமைய வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அவர்களையும் ஓட்டுநர்களையும் அழைத்து, வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாமக்கல்