யாருக்குத் தோன்றியது?

அன்பு மகளுக்கு,

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது.

சிங்கப்பூரில் வேலைக்கு நடுவிலும் தியான வகுப்புக்குப் போகிறாய், வேதாந்தம் படிக்கிறாய். மாயை, வாசனை, சாட்சி என்று எதைக் கேட்டாலும் உன்னிடம் விளக்கம் இருக்கிறது. அப்படியும் "மனம் அடங்கவில்லை, நான் இன்னும் பக்குவப்படவில்லை" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை என்ற தாழ்வு நினைப்பை உதறிவிட்டுத்தான் நீ ஊரைவிட்டுப் போனாய். இப்போது பக்குவப்படாதவள் என்ற நினைப்பைச் சுமக்கிறாய். முன்னது ஊர் தந்தது, இது புத்தகம் தந்தது. சுமை சுமைதானே, அம்மா?

ரமண மகரிஷியைப் பார். 1896-ல் மதுரையில் மரண பயம் அவரைப் பிடித்தபோது வயது 16. பெரியபுராணம் படித்து உருகியிருந்தார், அவ்வளவுதான். பிரம்மம் என்ற சொல்லையே அதுவரை கேள்விப்பட்டதில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பிணம்போல நீட்டிப் படுத்து, சாவது இந்த உடம்பு, அப்படியானால் நான் யார் என்று உள்ளே பார்த்தார். வேதாந்த நூல்கள் திருவண்ணாமலைக்குப் போன பிறகே அவர் கைக்கு வந்தன. கண்டுவிட்டதற்குப் பெயரை அவர் பிறகு தெரிந்துகொண்டார். நீ பெயர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு காணக் காத்திருக்கிறாய். கற்றதையெல்லாம் ஒரு காலத்தில் மறக்க வேண்டிவரும் என்றும் அவர் சொன்னார்.

'நான் யார்' என்ற கேள்வியைக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை. பிணம் சுடும் தடிபோல அதுவும் முடிவில் அழியும் என்றார். உன் தாத்தாவை எரித்த அன்று உன் அப்பா வந்து சொன்னது நினைவுக்கு வருகிறது. நெருப்பைக் கிளறக் கிளறத் தடியின் நுனி கருகிக் குட்டையாகிக்கொண்டே வந்ததாம். கடைசியில் அதையும் நெருப்பிலேயே போட்டுவிட்டார்கள். அதை யார் வீட்டுக்கு எடுத்து வருவார்கள்?

நான் ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தில், இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழைவோம். பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்துவிட்டுக் கத்தியை வைத்து இழுத்தால் பட்டை மெல்லிய சுருளாக விழ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் வராது. அந்த ஓர் இழுப்பில் கடன் இருக்காது, வேலையை மேற்பார்க்கும் கிராணியின் ஏச்சு இருக்காது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த உன் காய்ச்சல்கூட இருக்காது. வெட்டுகிறவள் நான் என்பதும் இருக்காது. அடுத்த மரத்துக்கு நடக்கும்போது எல்லாம் திரும்பிவிடும். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் மறுநாள் அதையே எதிர்பார்த்து மரத்தைக் காயப்படுத்தியிருப்பேன்.

சாமி கும்பிடுவதையோ படிப்பதையோ விட்டுவிடச் சொல்லவில்லை. நானும் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறேன். எண்ணமே இல்லாமல் இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதே, அதுவும் ஓர் எண்ணம்தான். பக்குவப்படவில்லை என்ற நினைப்பு மறுபடி எழுந்தால் அதோடு சண்டைக்குப் போகாமல், இது யாருக்குத் தோன்றியது என்று மட்டும் பார். விடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதாதே, எனக்கும் எழுதாதே. சாப்பாட்டையும் உடம்பையும் பற்றி எழுது. தீபாவளிக்கு டிக்கெட் எடுத்ததும் சொல், அப்பா ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்துக்கு வந்து நிற்பார்.

அன்புடன்,
அம்மா